ஸ்க்ரோல் கையேட்டில் விண்ணப்பதாரர் எங்கே?

“மெஷினுக்கு ஏதுங்க சாதி?” வானூர், திண்டிவனம் பக்கம் எந்த இளைஞர் கூட்டத்தில் கணினியைப் பற்றிப் பேசினாலும் இந்தக் கேள்வி வந்து விழுகிறது. கேட்பவர் ஊர்த்தெருக்காரர் அல்ல. நம் காலனியிலேயே டிகிரி முடித்துவிட்டு வேலை தேடும் தம்பிதான். மெஷினுக்குச் சாதி உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்தை இங்கே நடத்தப் போவதில்லை. நாங்கள் கேட்பது அதைவிடச் சின்னக் கேள்வி. ஒரு பக்கத்தை மெஷின் எவ்வளவு தூரம் கீழே தள்ளிப் பார்க்கிறது, எந்த இடத்தில் நிறுத்துகிறது, நிறுத்தியதை யாரிடம் சொல்கிறது? இதை அதன் கையேடு சொல்கிறதா?

கீழே தள்ளுவது என்றால் ஸ்க்ரோல். பேருந்தில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்க்கும்போது விரலால் நாம் செய்யும் அதே வேலை. இதற்கெல்லாம் ஒரு கண்டனக் கட்டுரையா என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

2024 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் நிறுவனம், ‘கிளாட்’ என்ற தன் செயற்கை நுண்ணறிவு இனி மனிதரைப் போலவே கணினியை இயக்கும் என்று அறிவித்தது. 2025 ஜனவரி 23-ல் ஓப்பன்ஏஐ ‘ஆபரேட்டர்’ என்ற பெயரில் அதேபோன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 2025 அக்டோபரில் கூகுளும் ஜெமினியில் இதற்கென்று ஒரு மாடலை வெளியிட்டது. இவற்றை ஏஐ ஏஜென்ட் என்கிறார்கள். வேலை செய்யும் விதம் எளிது. முதலில் திரையை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும். அந்தப் படத்தைப் பார்த்து, இங்கே கிளிக் செய், இதை டைப் செய், கீழே ஸ்க்ரோல் செய் என்று ஒரு கட்டளை தரும். கட்டளை நடந்ததும் இன்னொரு ஸ்க்ரீன்ஷாட், பிறகு இன்னொரு கட்டளை. நாம் திரையைச் சினிமாபோலப் பார்க்கிறோம். அது கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவதுபோல ஒவ்வொரு படமாகப் பார்க்கிறது. இரண்டு படத்துக்கு நடுவில் போனது அதன் கண்ணில் படாது.

மனிதர்கள் யோசிக்காமலே செய்கிற ஸ்க்ரோல், இழுத்து விடுதல், பெரிதாக்கிப் பார்த்தல் ஆகியவை தன் மாடலுக்கு இன்னும் சிரமம்தான் என்று ஆந்த்ரோபிக் அந்த அறிவிப்பிலேயே ஒப்புக்கொண்டது. முதலில் வந்த கருவியில் ஸ்க்ரோலுக்கென்று தனிக் கட்டளையே கிடையாது. பேஜ் டவுன் போன்ற விசையை அழுத்தித்தான் கீழே போக வேண்டும். 2025 ஜனவரி தேதியிட்ட பதிப்பில்தான் ஸ்க்ரோல் தனிக் கட்டளையாகச் சேர்ந்தது. கையேடு அதற்கு மூன்று விவரம் கேட்கிறது. கர்சர் திரையின் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும், மேலா கீழா இடதா வலதா, எவ்வளவு.

அந்த ‘எவ்வளவு’ என்ற இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆந்த்ரோபிக் கையேட்டில் அது மவுஸ் சக்கரத்தை எத்தனை முறை உருட்டுவது என்ற கணக்கு. ஓப்பன்ஏஐ கையேட்டில் அது பிக்சல் கணக்கு. கூகுளோ திரையை ஆயிரத்துக்கு ஆயிரம் கட்டமாகப் பாவித்து அந்த அளவில் ஓர் எண் கேட்கிறது. எண் சொல்லாவிட்டால் 800 என்று தானே வைத்துக்கொள்கிறது. மூன்று கம்பெனி, மூன்று மரக்கால். பண்ணையார் வீட்டில் குத்தகை நெல் வாங்க ஒரு மரக்காலும் கூலி நெல் கொடுக்க ஒரு மரக்காலும் இருந்ததாக நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இரண்டுக்கும் பெயர் மரக்கால்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அதற்கு முன் நடந்த கூலிப் போராட்டமும் அரைப்படி நெல்லைப் பற்றியதுதான். அளவையெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்பவர், எப்போதும் அளந்து கொடுத்த பக்கம் நின்றவராகத்தான் இருப்பார்.

சக்கரத்தை ஐந்து முறை உருட்டினால் எத்தனை வரி நகரும்? அது கணினியைப் பொறுத்தது, உலாவியைப் பொறுத்தது, பக்கத்தைக் கட்டியவரைப் பொறுத்தது. திரையில் ஒரே நேரத்தில் இருபது வரி தெரிகிறது என்று வையுங்கள். ஒரு தள்ளில் முப்பது வரி நகர்ந்துவிட்டால் நடுவில் பத்து வரி எந்தப் படத்திலும் இல்லை. மெஷினுக்கு அந்தப் பத்து வரி இல்லாத வரிகள். பிழைச் செய்தி வராது, சிவப்பு விளக்கு எரியாது. முந்தைய படத்தின் கடைசி வரி அடுத்த படத்தின் முதல் வரியாக மறுபடி தெரிகிறதா என்று பார்த்தால் மட்டும்தான் இடைவெளி இல்லை என்று சொல்ல முடியும். நெல் மூட்டை அடுக்குபவர்கள்கூட முந்தைய வரிசையின் மேல் கொஞ்சம் ஏற்றித்தான் அடுத்ததை வைப்பார்கள். இந்தச் சாதாரண விதியை ஸ்க்ரோல் கட்டளையின் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டாமா?

இப்போது அந்தப் பத்து வரியில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் பட்டியல் 76 வரிசை எண்களோடு உருவானது. ஆங்கில அகரவரிசை. முதல் பெயர் ஆதி ஆந்திரர், இரண்டாவது ஆதி திராவிடர். பறையன் என்ற பெயர் வெகு கீழே. 2021-ல் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தில் பள்ளன், குடும்பன், பண்ணாடி, காலாடி உள்ளிட்ட ஏழு பெயர்கள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின்கீழ் வந்தன. அதற்கு முன் வாங்கிய சான்றிதழ்களில் பழைய பெயர்தான் இருக்கும். 2009-ல் மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு பெற்ற ஏழு அருந்ததியர் பிரிவுகளும் இந்தப் பட்டியலில் ஒன்றாக இல்லை. ஆதி ஆந்திரர் உச்சியில், அருந்ததியர் அதற்குச் சற்றுக் கீழே, பகடையும் தோட்டியும் எங்கோ அடியில்.

ஒரு விண்ணப்பப் படிவத்தில் இந்தப் பட்டியல் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. திறந்தால் பத்துப் பன்னிரண்டு பெயர் தெரியும். மீதியைப் பார்க்கப் பெட்டிக்குள்ளேயே கீழே தள்ள வேண்டும். கர்சர் பெட்டியின்மேல் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றால் பெட்டி நகராது, பக்கம் நகரும். கையேட்டில் கர்சர் எந்தப் புள்ளியில் என்று கேட்பது இதற்காகத்தான். புள்ளி தவறிய ஏஜென்ட் என்ன செய்யும்? கண்ணுக்குத் தெரிகிற பெயர்களில் பொருத்தமானது ஆதி திராவிடர் என்று அதைத் தேர்வு செய்துவிட்டுப் போகலாம். பொதுப் பேச்சில் அது தப்பே இல்லை. பறையர் என்ற பெயருக்குப் பதிலாக ஆதி திராவிடர் என்ற பெயரை அரசுப் பதிவுகளில் ஏற்கச் செய்ய 1922-ல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் நம் எம்.சி. ராஜா. ஆனால் பிள்ளையின் சாதிச் சான்றிதழில் பறையன் என்றும் விண்ணப்பத்தில் ஆதி திராவிடர் என்றும் இருந்தால், சரிபார்க்கும் மேசையில் வரலாறு பேச முடியாது. ‘பொருந்தவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு விண்ணப்பம் திரும்பும். அந்தப் பிள்ளை மறுபடி திண்டிவனம் பஸ் ஏற வேண்டும். அம்மாவின் ஒரு நாள் கூலி போகும்.

நம் பக்கத்து பிரவுசிங் சென்டரில் படிவம் நிரப்பும் பெண்கள் இந்த இடத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கையை நிறுத்திவிட்டு, “அக்கா, சர்டிபிகேட்ல என்ன பேரு போட்டிருக்கு, எடுத்துக் காட்டுங்க” என்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மாதம் சில ஆயிரம் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் அந்தத் தங்கைக்கு யாரும் கையேடு எழுதிக் கொடுக்கவில்லை. பத்து விண்ணப்பம் திரும்பி வந்து வசவு வாங்கிய அனுபவம் அவளுக்குக் கற்றுக் கொடுத்தது. ஏஜென்ட் வந்தால் முதலில் போகும் வேலை அவளுடையது. அவளுடைய அந்தக் கேள்வியும் அவளோடு போகும்.

இன்னும் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆண்டு வருமானம் போன்ற எண் பெட்டிக்குள் கர்சரை வைத்துச் சக்கரத்தை உருட்டினால், சில உலாவிகளில் பக்கம் நகராமல் எண்ணே ஏறும் அல்லது இறங்கும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகைக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். விளிம்பில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் ஏறியதுதான். இரண்டாவது, மதம் என்ற பெட்டி. அங்கே கிறித்தவம் என்று தேர்வு செய்தால் கீழே இருக்கும் வகுப்புப் பட்டியலே மாறும், ஏனென்றால் கிறித்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். மேலே ஒன்றை மாற்றினால் கீழே என்ன மாறியது என்று திரும்பத் தள்ளிப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் தலித் கிறித்தவக் குடும்பங்கள் எத்தனை என்று வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

கீழே தள்ளுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வலப்பக்கம் என்று ஒன்று இருக்கிறதே.

கிராம அ-பதிவேட்டில் கடைசிக் கட்டம் குறிப்பு. பட்டாவிலும் அப்படித்தான், புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை எல்லாம் முடிந்து வலக்கோடியில் குறிப்புரை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் பிரிட்டிஷ் அரசு நம் முன்னோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலத்துக்கு நிபந்தனை உண்டு. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, அதன்பிறகும் நம் மக்களுக்குத்தான் விற்கலாம். ஒரு நிலம் நிபந்தனை நிலம் என்பதைக் காட்டும் அடையாளம் பல இடங்களில் அந்த வலக்கோடிக் குறிப்பு மட்டும்தான். 1980-களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தபோது குறிப்புகள் காணாமல் போன கதையை ஊர் ஊராக நம் பெரியவர்கள் சொல்வார்கள். 1994 அக்டோபர் 10 அன்று கரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அவர்கள் கேட்டது பதிவேட்டில் ஏற்கெனவே எழுதியிருந்ததைத்தான்.

நாளைக்கு ஒரு வங்கியோ, மனை விற்பவரோ, ஒரு ஏஜென்டிடம், இந்த நூறு சர்வே எண்ணுக்கும் வில்லங்கம் இருக்கிறதா பார்த்துச் சொல் என்று கேட்கப் போகிறார். அகலமான அட்டவணை திரைக்குள் அடங்காது. வலப்பக்கம் தள்ளாவிட்டால் குறிப்புக் கட்டம் படத்தில் வராது. “வில்லங்கம் எதுவும் தெரியவில்லை” என்று அது எழுதும். தெரியவில்லை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்: இல்லை என்பது ஒன்று, நான் பார்க்கவில்லை என்பது இன்னொன்று. நூறாண்டாக வருவாய்த் துறை நம்மிடம் விளையாடிய அதே சிலேடை. இதைச் செய்ய இனி ஒரு கர்ணம்கூடத் தேவையில்லை.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு தொல்லை. படம் பெரிதாக இருந்தால் மாடலுக்குப் போகும்போது சுருங்கிவிடும், துல்லியம் குறையும். ஆகவே 1024-க்கு 768 பிக்சல் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆந்த்ரோபிக் கையேடு பரிந்துரைத்தது. ஆங்கில எழுத்துக்கு அது போதலாம். அரசு இணையப் பக்கங்களின் பொடி எழுத்துத் தமிழில் முதலில் மங்குவது மெய்யெழுத்தின் புள்ளி. புள்ளி போனால் பெயரே வேறு. ஸ்க்ரோல் கையேடு எழுதியவர் மேசையில் தமிழ்ப் பட்டா ஒன்று இருந்திருந்தால் இதற்கு ஒரு வரி எழுதியிருப்பார்.

கையேட்டில் எச்சரிக்கையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இருக்கிறது. நிஜ வாழ்க்கையில் பெரிய விளைவு உண்டாக்கும் முடிவுகளுக்கு, பணப் பரிமாற்றத்துக்கு, நிபந்தனைகளை ஏற்பதற்கு, ஒரு மனிதரிடம் உறுதி கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஆந்த்ரோபிக் எழுதியிருக்கிறது. நல்ல வாக்கியம். ஆனால் எந்த மனிதர்? கலிபோர்னியாவில் கையேடு எழுதுபவரின் மனதில் ஒருவர் தன் மடிக்கணினி முன் உட்கார்ந்து தனக்கு விமான டிக்கெட் எடுக்கிறார். திரை முன்னால் இருப்பவரும் திரையில் யாருடைய வேலை நடக்கிறதோ அவரும் அங்கே ஒரே ஆள். வானூரில் அப்படியா? திரை முன்னால் ஒருவர், ஜன்னலுக்கு வெளியே வெயிலில் இன்னொருவர். திரை அவருக்குத் தெரியாது. ‘உறுதி செய்’ என்று கேட்டால் உள்ளே இருப்பவர் அழுத்துவார். வெளியே நிற்பவருடைய சாதி, வருமானம், நிலம், பிள்ளையின் படிப்பு எல்லாம் உள்ளே போய்விடும். கையேட்டில் பயனர் இருக்கிறார், டெவலப்பர் இருக்கிறார், மாடல் இருக்கிறது. விண்ணப்பதாரர் என்று ஒருவர் இல்லவே இல்லை.

எங்கள் சண்டை இந்த இடத்தில்தான். மூன்று கம்பெனிகளில் யாரோ ஒருவர் நம்மை வெறுத்து இப்படிச் செய்தார் என்பதல்ல. நம்மைப் போன்ற ஒருவர் இருக்கக்கூடும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. சமூகவியல் வகுப்பில் இதற்குப் பெரிய பெரிய சொற்கள் சொல்லித் தந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்துப் பேசும் பழக்கத்துக்கு நம் ஊரில் பழைய பெயர் இருக்கிறது, அதுவே போதும்.

நம் தோழர்களில் சிலர் வேறு மாதிரி கோபப்படுகிறார்கள். “சுடுகாட்டுப் பாதைக்கே இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போனதற்கு அடித்தார்கள், 2023 ஜூனில் கோயிலையே பூட்டிச் சீல் வைத்தார்கள். நீங்கள் மவுஸ் சக்கரத்தைப் பற்றி எழுதுகிறீர்களே?” நியாயமான கோபம். ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்தப் பாதைக்கு நாம் கொடுத்த மனு இன்று எங்கே இருக்கிறது? ஏதோ ஒரு இணையப் பட்டியலில், ஏதோ ஒரு வரிசை எண்ணில். பக்கத்துக்குப் பத்து மனு காட்டி, அடியில் ‘அடுத்து’ என்ற பொத்தான் இருக்கும் பட்டியல். ஸ்க்ரோல் அடியைத் தொட்டதும் முடிந்துவிட்டது என்று நினைக்கும் மெஷினுக்குப் பதினோராவது மனு கிடையாது. தெருவில் நடக்கும் சண்டைக்கு ஒரு காகிதம் இருந்தே தீரும். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இத்தனை வருடம் எதற்கு அலைந்தார்கள்? இருளர் பிள்ளைகளுக்கு ஒரு சாதிச் சான்றிதழ் வாங்க. அந்தக் காகிதம் இல்லாமல் பள்ளிக்கூடமும் இல்லை, வீட்டு மனையும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்ட மக்களில் சுமார் 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். வானூர் தனித் தொகுதி, திண்டிவனம் தனித் தொகுதி, விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் தனி. இத்தனை பேரின் காகிதம் எந்தச் சக்கரத்தில் உருள்கிறது என்று கேட்பது மேட்டுக்குடிப் பேச்சு ஆகாது.

சரி, கேட்பதற்குச் சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. நம்மில் பலர் தகவல் உரிமைச் சட்டம் என்றால் பத்து ரூபாய் ஒட்டி மனுப் போடுவது என்று மட்டும் நினைக்கிறோம். 2005-ன் அந்தச் சட்டத்தில் 4-ஆவது பிரிவு, நாம் கேட்காமலே அரசு வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. 4(1)(பி)-யின் ஐந்தாவது உட்பிரிவைப் படியுங்கள். ஓர் அலுவலகம் தன்னிடம் வைத்திருக்கும், அல்லது அதன் ஊழியர்கள் வேலைக்குப் பயன்படுத்தும் விதிகள், அறிவுறுத்தல்கள், கையேடுகள், பதிவேடுகள் எல்லாம் வெளியில் இருக்க வேண்டும். கையேடுகள் என்றே சட்டம் சொல்கிறது, தோழர்களே. 4(1)(டி) இன்னும் கூர்மை; நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும். 4(4) உள்ளூர் மொழியைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. எந்த வட்டாட்சியர் அலுவலகமாவது, எந்த இ-சேவை மையமாவது, எந்தத் துறையாவது ஏஜென்டை வைத்துப் படிவம் பார்க்கத் தொடங்கும் நாளில், அதன் ஸ்க்ரோல் கையேடும் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடுகிறது என்பது எங்கள் வாதம். கம்பெனி ரகசியம் என்று பதில் வந்தால், அரசு ஊழியர் பயன்படுத்தும் அறிவுறுத்தல் எப்போது கம்பெனிக்குச் சொந்தமானது என்று மேல்முறையீட்டில் கேட்போம். இதே தமிழ்நாடு அரசு 2020-ல் பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது. சமத்துவம், தணிக்கைக்கு உட்படுதல் என்றெல்லாம் அதில் மதிப்பெண் அட்டை வைத்திருக்கிறார்கள். அந்த அட்டையில் ஸ்க்ரோலுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அப்படிக் கேட்கும்போது கையேட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு தள்ளில் எத்தனை வரி நகர்கிறது என்பது அந்த அலுவலகத்தின் அந்தத் திரையில் அளந்து எழுதியதாக இருக்க வேண்டும். கம்பெனியின் பொதுக் கணக்கு உதவாது. இரண்டு படத்துக்கு நடுவே ஒரு வரியாவது பொதுவாக இருந்ததா என்று ஒவ்வொரு தள்ளுக்கும் பதிவு வேண்டும். பட்டியலின் கடைசிப் பெயர் வரை போனதா, போகாமல் தேர்வு செய்ததா? வலக்கோடிக் கட்டம் படத்தில் வந்ததா? இவையெல்லாம் விண்ணப்பதாரருக்குத் தமிழில் ஒரு ரசீதாகக் கிடைக்க வேண்டும். அந்த ரசீதில் ‘பார்த்தோம், இல்லை’ என்பதும் ‘பார்க்கவில்லை’ என்பதும் வேறு வேறு சொற்களாக இருக்க வேண்டும். சமர்ப்பி பொத்தானுக்கு முன் திரையை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஏஐ எதுவும் தேவையில்லை. ஒரு மேசையைத் திருப்பிப் போட்டால் போதும், ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஒரு வேலையை நாமே தொடங்கலாம். கம்பெனி எழுதாத பகுதியை நாம் எழுதுவது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தியபோதும், ரெட்டைமலை சீனிவாசன் 1893-ல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியபோதும் அச்சு எந்திரம் நமக்காகக் கண்டுபிடித்ததாக இல்லை. எடுத்து ஓட்டினார்கள். வானூர் வட்டத்தில் மாலைநேரப் படிப்பு மையம் நடத்தும் நாங்கள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். படிவத்துக்கு ஒரு பக்கம். சாதிப் பட்டியல் பெட்டி எங்கே இருக்கிறது, திறந்தால் எத்தனை பெயர் தெரிகிறது, பறையன் எத்தனையாவது, பழைய பள்ளன் இன்னும் இருக்கிறதா அல்லது தேவேந்திரகுல வேளாளர் மட்டுமா, சக்கரத்தை உருட்டினால் பெட்டி நகர்கிறதா பக்கம் நகர்கிறதா, வருமான எண் மாறுகிறதா, போனில் பார்த்தால் எந்தக் கட்டம் வெளியே போகிறது. பிரவுசிங் சென்டர் தங்கைகளை முதலில் உட்கார வைத்துக் கேட்கிறோம், ஏனென்றால் பாதி நோட்டு அவர்கள் தலைக்குள் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அதன் பிறகுதான் ஏதாவது ஏஜென்டை வைத்து அதே படிவத்தைத் திறக்கச் சொல்லி ஒப்பிட வேண்டும்.

செய்ய விரும்பும் கல்லூரித் தோழர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சோதனைக்கு யாருடைய ஆதார் எண்ணையும் உண்மையான சான்றிதழையும் உள்ளே கொடுக்காதீர்கள். கற்பனைப் பெயர் போதும், உள்நுழைவு இல்லாமல் திறக்கும் பக்கங்கள் போதும். சமர்ப்பி பொத்தானை ஒருபோதும் அழுத்தவிடாதீர்கள். ஒவ்வொரு தள்ளுக்கும் வந்த ஸ்க்ரீன்ஷாட்டைத் தேதியோடு சேமித்து வையுங்கள், ஏனென்றால் பிறகு பக்கத்தை மாற்றிவிட்டு அப்படி எதுவும் இருந்ததில்லை என்பார்கள். அடுத்த உதவித்தொகை விண்ணப்பம் திறப்பதற்குள் வானூர், மரக்காணம், திண்டிவனம் மூன்று வட்டத்துக்கும் சேர்த்து நோட்டை முடித்துவிட நினைக்கிறோம். மரக்காணம் பக்கத்துக்கு இன்னும் ஆள் வேண்டும்.